ஓவியத்தின் பின்பக்கம்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஏழு படங்கள் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தூரிகை பிடித்த ஒருவருடைய கையிலிருந்து வந்த ஓவியங்களில் இன்று எஞ்சியிருப்பவை, எனக்குத் தெரிந்தவரை, இவ்வளவுதான். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தான் எழுதிய பெயர்ப்பலகைகளின் மூலையில்கூடத் தன் பெயரைப் போட விரும்பாதவர் அவர். அவருடைய வீட்டாரும் அதையே விரும்புகிறார்கள். நான் அவரை அண்ணன் என்றுதான் அழைத்தேன். அவர் என்னை முதல் சில ஆண்டுகள் டீச்சர் என்றும், பிறகு தங்கச்சி என்றும் அழைத்தார்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரியும் நிலத்தைப் படுவான்கரை என்றும் எங்கள் முன்னோர் அழைத்தார்கள். சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. நான் எழுவான்கரையிலுள்ள கல்லடியில் பிறந்தவள். வாவியின் மேல் சூரியன் சாய்வதைப் பார்த்தே வளர்ந்தேன். அண்ணன் படுவான்கரைக்காரர். அவருக்கு வாவி என்றால் சூரியன் ஏறி வருகிற இடம். எங்கள் இருவருடைய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், ஒரே தண்ணீரையா இரண்டு பேரும் வரைந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என் தண்ணீரில் செம்மஞ்சளும் மண்ணிறமும் மிகுந்திருக்கும். அவருடைய தண்ணீர் வெளிறிய சாம்பலில் தொடங்கி, கரையை நெருங்க நெருங்கப் பச்சையாக மாறும்.

நான் அவரைச் சந்திப்பதற்குக் காரணமாக இருந்தது என்னுடைய ஒரு பிழை. 1996ஆம் ஆண்டு, சித்திர ஆசிரியையாக நியமனம் பெற்ற புதிதில், பாடசாலையில் புதிதாகக் கட்டிய மண்டபத்தின் சுவரில் சரஸ்வதியின் படத்தை வரையும் பொறுப்பை ஏற்றேன். வாணி விழாவுக்கு முன்னர் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், சாந்து பூசி இரண்டு வாரமும் ஆகாத சுவரில், பின்னணி முழுவதற்கும் பிரஷ்யன் நீலத்தைப் பூசினேன். முதல் நாள் அது இரவு வானம் போல ஆழமாக இருந்தது. விழா முடிந்து சில நாட்களில் அங்கங்கே பழுப்புத் திட்டுகள் தோன்றின. மாத முடிவில் தேவியின் தலைக்குப் பின்னால் துருப்பிடித்த தகரம் போன்ற ஒரு நிறம்தான் மிஞ்சியது. மாணவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை என்பதே எனக்குக் கூடுதல் வேதனையாக இருந்தது.

அந்த வேளையில் பாடசாலையின் பெயர்ப்பலகையை எழுத வந்திருந்தவர்தான் அண்ணன். சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், விரலை முகர்ந்து பார்த்தார். “சுவர் இன்னும் காயல்ல டீச்சர். பச்சைச் சுவருக்கு இந்த நீலம் ஆகாது. ஒரு மாதம் போகட்டும், மறுகா பாப்பம்” என்றார். சீமெந்திலும் சுண்ணாம்பிலும் உள்ள காரம் பிரஷ்யன் நீலத்தைச் சிதைத்துவிடும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் அதைக் கோயில் சுவர்களில் கண்டு அறிந்திருந்தார். புதுச் சாந்து பூசிய சுவரைக் குறைந்தது 28 நாட்களாவது விட்டுவைக்க வேண்டும். அதன் பின்னரும் அல்ட்ராமரின் நீலம், செங்காவி, மஞ்சள் காவி போன்ற காரத்தைத் தாங்கும் நிறங்களையே எடுக்க வேண்டும் என்று அன்று அவர் சொன்னதை, பின்னர் என்னிடம் படித்த ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லிக்கொடுத்தேன். கடலோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. உவர்க் கிணற்று நீரில் சாந்து குழைத்த சுவர்களில் உப்புப் பூக்கும். அதைக் கழுவினால் உப்புக் கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தட்டித் தட்டி எடுத்து, மீண்டும் பூக்கிறதா என்று பார்த்து, பூப்பது நின்ற பிறகே வண்ணத்தைத் தொட வேண்டும். நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தச் சரஸ்வதியை இரண்டாவது முறை வரைந்து முடிக்க அடுத்த ஆண்டு சித்திரையாகிவிட்டது.

அண்ணன் எந்தக் கல்லூரியிலும் சித்திரம் படித்தவரல்லர். அவருடைய ஊரில் ஆடப்பட்ட, மரபுவழிக் கூத்துவகையான வடமோடிக் கூத்துகளுக்குக் கிரீடங்களும் புஜகட்டிகள் என்னும் தோளணிகளும் செய்தவர்களிடம் சிறுவனாகக் கையாள் வேலை பார்த்தார். கரப்புடுப்பு என்னும் விரிந்த கூத்துடையில் கண்ணாடித் துண்டு ஒட்டுவதும், கிரீடத்தில் மஞ்சளுக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பை வைத்தால் கூத்துக் களரியின் வெளிச்சத்தில் தொலைவிலிருப்பவருக்கும் தெரியும் என்று கணிப்பதுமே அவருடைய முதல் பாடங்கள். பிறகு நகரத்தில் பலகை எழுதும் ஒருவரிடம் சேர்ந்தார். அங்கே கற்ற ஒழுங்கு, ஓவியம் வரையும்போதும் அவரை விட்டுப் போகவில்லை. சுண்ணத்தூள் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிக் கோடு விழச் செய்வார். நுனியில் துணி சுற்றிய கம்பைப் பலகையில் ஊன்றி, அதன் மேல் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு எழுதுவார். பெரிய உருவங்களை முதலில் மண்ணிறத் தாளில் வரைந்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, துணியில் முடிந்த கரித்தூளைத் தட்டிச் சுவருக்கு மாற்றுவார். இவை கோயில் ஓவியர்களுக்கும் பலகை எழுதுபவர்களுக்கும் பொதுவான முறைகள். நான் படித்த சித்திரப் பாடத்திட்டத்தில் இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. தமிழ் எழுத்துகளில் ‘ழ’வின் கீழ்ச்சுழியை ஒரே மூச்சில் இழுக்கத் தெரிந்தவனுக்கு மனித உருவத்தின் தோள்பட்டையை இழுப்பது கடினமாக இராது என்று அவர் நம்பினார். நான் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். எழுத்துப் பயிற்சி செய்த மாணவர்களின் கோட்டில் தயக்கம் குறைகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் சந்திப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில், நண்பர் ஒருவருடைய வீட்டு விறாந்தையில் நடந்தன. ஐந்தாறு பேர் வருவோம்: இரண்டு ஆசிரியர்கள், சிலை வார்க்கும் ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், அண்ணன், நான். கொழும்பில் 1943இல் உருவான 43 குழு என்னும் நவீன ஓவியர் குழுவைப் பற்றியும் அதிலிருந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றைப் பற்றியும் ஆசிரியர்கள் பேசுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஓவியர் மாற்கு மாஸ்டர் கிடைத்த பொருள்களைக் கொண்டெல்லாம் படம் செய்கிறாராம் என்று யாராவது சொல்வார்கள். அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டுமென்றால் அதைச் சுவரிலிருந்து எடுத்து, திருப்பி, முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பார். துணி எப்படி இழுக்கப்பட்டிருக்கிறது, ஆணி துருப்பிடித்திருக்கிறதா, எண்ணெய் பின்பக்கம் கசிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பக்கத்துக்கு வருவார். ஆரம்பத்தில் அது எனக்கு ஒரு தச்சருடைய பார்வையாகவே பட்டது. நாளடைவில் நானும் அப்படியே பார்க்கத் தொடங்கினேன்.

அந்நாட்களில் மட்டக்களப்பில் ஓவியத்துணி வாங்குவது எங்கள் வசதிக்கு அப்பாற்பட்டது. அண்ணன் மருதமுனைக்குப் பஸ்ஸில் போய், கைத்தறித் துணியில் சாயம் போடாத, நெருக்கமான நெய்தலுள்ளதைத் தேடி வாங்கி வருவார். அதை இரண்டு முறை அலசிச் சுருங்கவிட்டு, சட்டத்தில் நடுப்பக்கங்களிலிருந்து மூலைகளை நோக்கி இழுத்து அடிப்பார். தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து முதற்பூச்சு. அது காய்ந்து, மேலெழுந்த நூல்களை அரத்தாளால் மெதுவாகத் தேய்த்த பிறகு, வெள்ளை அடிப்பூச்சு இரண்டு தரம், ஒன்று குறுக்காக, ஒன்று நெடுக்காக. எண்ணெய் நேரடியாகப் பருத்தி நூலைத் தொட்டால் துணி ஆண்டுகள் போகப் போக உக்கிவிடும் என்பதனால்தான் இவ்வளவும். இந்த முறையில் செய்த துணிகளில் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் வெடிப்பு விழாதவை என்னிடம் இருக்கின்றன. சட்டத்துக்கு இரும்பு ஆணி அடிக்க வேண்டாம் என்று இங்கே ஓவியம் தொடங்கும் எவருக்கும் சொல்வேன். உப்புக் காற்றில் மூன்றாம் ஆண்டே துருக்கறை துணிக்குள் இறங்கிவிடும். செப்பாணி விலை கூடினாலும் அதுதான் நிற்கும்.

காற்றைப் பார்த்து வேலையை வகுக்கவும் அவரிடமே கற்றேன். வைகாசி தொடங்கி வீசும் கச்சான் வெப்பமும் வறட்சியுமானது. அந்தக் காற்றில் எண்ணெய் வண்ணத்தின் மேற்பரப்பு விரைவில் தோல் கட்டும், உள்ளே ஈரமாகவே கிடக்கும். தோல் கட்டியதைக் காய்ந்ததென்று நம்பி மேலே அடுத்த பூச்சைப் போட்டால் பின்னர் சுருங்கி வெடிக்கும். ஆகவே கீழ்ப்பூச்சுகளை எண்ணெய் குறைத்து மெல்லியதாகவும், மேற்பூச்சுகளை எண்ணெய் கூட்டியும் போட வேண்டும். மாரி காலத்தில் வார்னிஷ் பூசவே கூடாது. காற்றிலுள்ள ஈரம் பிடித்து வெண்படலம் போர்த்திவிடும். படம் முடிந்து ஆறு மாதமாவது பொறுத்து, நல்ல வெயில் மாதமொன்றில் பூச வேண்டும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவிடுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். குவித்துவைத்த துணி தானாகவே தீப்பற்றக்கூடும்.

போர்க்காலத்தில் அண்ணனுடைய வீடு இருந்த கரையும் என்னுடைய கரையும் போரிட்ட வேறு வேறு தரப்புகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. அவர் நகரத்துக்கு வருவதென்றால் துறையில் பாதை என்று நாங்கள் அழைக்கும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து வாவியைக் கடந்து, சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பெயின்ட் பேணியையும் திறந்து காட்ட வேண்டும். அப்படியிருந்தும் அவர் வந்தார். சட்டத்திலிருந்து கழற்றிய படங்களை உரப்பையில் சுருட்டிக் கொண்டுவருவார். ஒருமுறை சாவடியில் நின்ற இளைஞன் ஒருவன் படத்தை விரிக்கச் சொல்லிவிட்டு, அதிலிருந்த வீச்சுவலைக்காரரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தானாம். தன் ஊரிலும் இப்படித்தான் வலை வீசுவார்கள் என்று உடைந்த தமிழில் சொல்லி அனுப்பினானாம். அண்ணன் அதை எங்களிடம் சொன்னபோது, தன்னுடைய படத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டைப் போலச் சொன்னார்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா தினமும்கூட. சந்திப்புக்காக நான் காலையிலேயே புளியந்தீவுக்குப் புறப்பட்டுவிட்டேன். அதனால் உயிர் பிழைத்தேன். நாவலடியிலும் கல்லடி திருச்செந்தூரிலும் நான் இழந்த மாணவர்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வலு வரவில்லை. எங்கள் வீட்டின் கடற்புறச் சுவர் விழுந்திருந்தது. படங்கள் சேற்றோடு சேறாகக் கிடந்தன. நான்காம் நாள் அண்ணன் வந்தார். முதலில் அரிசி கொடுத்தார், பிறகு படங்களைக் கேட்டார். ஒன்றையும் வெயிலில் வைக்கவிடவில்லை. உப்பும் சேறும் காய்ந்து இறுகுவதற்கு முன், எண்ணெய்ப் படங்களை மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றி மெல்ல அலசி, நிழலில், சட்டத்தோடு படுக்கையாக வைத்தார். ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களை ஈரமாக இருக்கும்போதே பிரித்து, பழைய பத்திரிகைகளுக்கிடையில் வைத்து, பத்திரிகையை மணிக்கொருதரம் மாற்றினோம். போஸ்டர் வண்ணப் படங்களைக் காப்பாற்ற முடியவில்லை. அவை தண்ணீர் பட்டவுடனேயே கரைந்திருந்தன. ஈரமான தாளில் இரண்டு நாட்களுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும், நாங்கள் நான்காம் நாள்தான் தொடங்கினோம் என்பதும் ஒரு காரணம். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது அந்தத் தாமதத்தை நான் செய்யவில்லை. தண்ணீர் வாசலுக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றினேன்.

அண்ணனுடைய இழப்பு வேறு விதமாக நேர்ந்தது. 2007இன் தொடக்கத்தில் படுவான்கரை மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது அவர் மனைவியையும் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, உடுத்த உடையோடு வாவியைக் கடந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை உட்பக்கமாக இறுகச் சுருட்டி, பொலித்தீனில் சுற்றிக் கட்டி, வீட்டுக் கூரைவளையில் செருகிவிட்டு வந்திருந்தார். திரும்பிப் போனபோது வீடு நின்றது. கட்டுகளும் அப்படியே இருந்தன. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கறையான் மண். கறையான் தின்னாதவை பொலித்தீனுக்குள் அடைபட்ட ஈரத்தில் ஒட்டிப்போய், விரிக்கும்போது வண்ணம் செதில் செதிலாகக் கொட்டியது. வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, அகன்ற குழாயில் தளர்வாகச் சுருட்டி, மூச்சுவிடும் பருத்தித் துணியில் சுற்றியிருக்க வேண்டும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அவருக்கு இவ்வளவு தெரிந்தும், படத்தை உருவாக்குவதைப் பற்றி யோசித்த அளவுக்குச் சேமிப்பதைப் பற்றி நாங்கள் யோசித்ததில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

முகாமிலிருந்த மாதங்களில் அவர் வரைந்தார். நிவாரணப் பொருள்கள் வந்த அட்டைப்பெட்டிகளின் உட்பக்கத்தில், அடுப்புக் கரியால். அந்த அட்டைகளைப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மறுக்கவில்லை.

அதன் பின்னர் எங்கள் கலைச்சூழல் மெல்ல மாறியது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்திலிருந்து முறையாகக் கட்புலக்கலை பயின்ற இளையவர்கள் வரத் தொடங்கினார்கள். வாசுகி ஜெயசங்கரின் பெண்ணுருவங்களும், போர் விட்டுச்சென்ற வாழ்வைப் பேசும் சு. நிர்மலவாசனின் படங்களும் மட்டக்களப்பு ஓவியம் என்றால் வாவியும் தென்னையும்தான் என்று நினைத்திருந்தவர்களை நிறுத்திப் பார்க்கவைத்தன. அண்ணன் இளையவர்களின் காட்சிகளுக்குத் தவறாமல் வருவார். வழக்கம்போல முதலில் சட்டத்தின் பின்னால் எட்டிப் பார்ப்பார். அதே ஆண்டுகளில் அவருடைய பிழைப்பு குன்றியது. டிஜிட்டல் அச்சுப் பெனர் ஒரே நாளில், பாதி விலைக்குக் கிடைத்தபோது கடைக்காரர்கள் கையெழுத்துப் பலகையைக் கேட்பதை நிறுத்தினார்கள். அவர் யாரையும் குறை கூறவில்லை. ஆனால் பெனர்களில் தமிழ் எழுத்து நெரிக்கப்பட்டும் இழுக்கப்பட்டும் கிடப்பதைக் காணும்போது பஸ்ஸின் யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டு, வாவியைக் கடப்பது சில நிமிட வேலையானபோது, அதில் வந்துபோக அவருடைய கால்களில் பலம் குறைந்திருந்தது. நான்தான் போய்வந்தேன்.

அந்தப் பயணங்களில்தான் நான் அவரிடம் ஒன்றை விடாமல் கேட்டேன். “அண்ணன், பேர் போட வேண்டாம். எப்ப வரைந்தது, எதில வரைந்தது என்றாவது பின்னால எழுதுங்க.” எங்களுக்கென்று ஆவணம் எதுவும் இல்லை. நாங்கள் நடத்திய காட்சிகளில் எத்தனை படங்கள் தொங்கின, யார் வாங்கினார்கள் என்பதற்கு ஒரு கொப்பியில்கூடக் குறிப்பு இல்லை. வண்ணம் மங்கும்போது எந்த நிறம், எந்தத் துணி என்று தெரிந்தால்தான் அதைச் சீர்செய்யவும் முடியும். இப்போது என்னிடம் வரும் மாணவர்கள் ஒவ்வொரு படத்தையும் பகல் வெளிச்சத்தில், முன்னும் பின்னும் கைத்தொலைபேசியில் படம்பிடிக்கிறார்கள்; அளவு, பொருள்கள், மாதம், கொடுத்த இடம் ஆகியவற்றை ஒரு கொப்பியிலும் எழுதுகிறார்கள். படங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தி, நிறுத்திவைக்கிறார்கள். மாரிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துப் பார்ப்பது எங்கள் வீட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது.

அண்ணன் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் எழுதிய பலகைகளில் ஒன்று சந்தைக்குப் பக்கத்திலுள்ள ஒரு தேநீர்க்கடையில் இன்னும் தொங்குகிறது. நாங்கள் சேர்ந்து வரைந்த சரஸ்வதியின் மேல் சில ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளையடித்துவிட்டார்கள். என்னிடமுள்ள ஏழு படங்களில் ஆறின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஏழாவது, அவர் கடைசியாக முடித்தது. வாவியின் நடுவில் ஒரு தோணி, அதற்கப்பால் எழுவான்கரையின் தென்னைகள் ஒரு மெல்லிய கோடாக, அவற்றுக்கு மேலே இன்னும் தோன்றாத சூரியனின் வெளிச்சம். இந்த முறை மாரிக்கு முன் அதை எடுத்துத் திருப்பியபோது, சட்டத்தின் கீழ்க்கட்டைக்குள் பாதி மறைந்திருந்த எழுத்துகளை முதன்முறையாகக் கண்டேன். தச்சர் பென்சிலால், அவருடைய பலகை எழுத்தின் ஒழுங்கு சிறிதும் குலையாமல் எழுதியிருந்தார்:

“கச்சான் மாதம். வெள்ளாப்பில் தொடங்கியது. துணி மருதமுனை. அடிப்பூச்சு இரண்டு. நீலம் தங்கச்சி தந்தது.”